பழைய ஜிப்சி: நடுக்கம் எங்கே, கோளாறு எங்கே

இன்றைக்கு விற்பனைக்கு வரும் மாருதி ஜிப்சி எதுவும் இளசு இல்லை. ராணுவ ஏலத்தில் எடுத்தது, எஸ்டேட்டில் மூட்டை சுமந்தது, ராலிக்காக யாரோ வெட்டி ஒட்டியது என்று ஒவ்வொன்றும் பல கை மாறி வந்திருக்கும். முந்தைய ஓனர் எதை மாற்றினார், எதை வெல்டிங் வைத்து மூடினார் என்பதெல்லாம் ஆர்சி புத்தகத்தில் இருக்காது. அதனால் 'இந்தச் சாமானை மாற்றிப் பார்ப்போம், சரியாகாவிட்டால் அடுத்ததை மாற்றுவோம்' என்று கிளம்பினால், வண்டி விலைக்கே சாமான் வாங்க வேண்டியிருக்கும். இந்த வண்டியில் நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரியும், காரணம் நாக்கிளில் (முன் வீல் திரும்பும் மூட்டில்) இருக்கும். எண்ணெய் வீலில் வழியும், அடைப்பு ஆக்சில் மேலே உள்ள ஒரு சின்ன மூச்சுக்குழாயில் இருக்கும். காசில்லாத சோதனையை முதலில் செய்து, காசு பிடிப்பதைக் கடைசிக்கு ஒதுக்கி, அறிகுறி வாரியாகப் பார்க்கலாம்.

உங்களிடம் இருப்பது எந்த ஜிப்சி என்பதில் தெளிவாக இருங்கள். 1985 கடைசியில் வந்த முதல் வண்டியில் 970 சிசி இன்ஜின். 1996-இல் வந்த 'ஜிப்சி கிங்'கில் 1298 சிசி, கார்புரேட்டர், 60 குதிரைத்திறன். 2000-இல் அதே 1298 சிசி 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) ஆகி 80 குதிரைத்திறனுக்கு ஏறியது. கடையில் போய் 'ஜிப்சிக்கு ஒரு செட்' என்று கேட்டால் இந்த மூன்றில் எதற்கோ உள்ளதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சாமான் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோவதுதான் நல்லது.

அடியில் படுத்து வேலை பார்க்கும் முன் ஒரு விஷயம். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகக் கூடாது. ஆக்சிலுக்கு ஸ்டாண்ட் கொடுத்து, தரையில் நிற்கும் வீல்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். ஹேண்ட்பிரேக் எங்கே பிடிக்கிறது என்றும் குனிந்து பாருங்கள். இந்த ரகப் பழைய வண்டிகள் சிலவற்றில் ஹேண்ட்பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பின்னால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பின் வீலைத் தூக்கிய உடனே டிஃபரன்ஷியல் வழியாக ஹேண்ட்பிரேக் செத்துப்போகும், வண்டி உருளும். கட்டை போட்டிருந்தால் பயமில்லை.

50, 60 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் கையை உதறுகிறது

ஜிப்சிக்காரர்கள் அதிகம் பயப்படுவதும், அதிகம் தவறாகக் காசு செலவழிப்பதும் இதில்தான். ஓட்டிக்கொண்டிருக்கும்போது வந்தால் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டாமல், ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மெதுவாக வேகத்தைக் குறையுங்கள். அதுவாக அடங்கிவிடும்.

'ஸ்டீயரிங் டாம்பர் போடுங்க, சரியாயிடும்' என்று பத்துப் பேரில் எட்டுப் பேர் சொல்வார்கள். டாம்பர் நடுக்கத்தை அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் ஆட்டம் நாளுக்கு நாள் வளரும். ஏற்கெனவே டாம்பர் போட்டிருந்தால் சோதனைக்கு அதைக் கழற்றிவிடுங்கள்.

முதலில் டயர். இரண்டு முன் டயரிலும் ஒரே காற்று இருக்கிறதா, பட்டன் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் முன் டயர் இரண்டையும் பின்னால் போட்டு, பின்னால் இருந்தவற்றை முன்னால் கொண்டுவந்து ஓட்டுங்கள். நடுக்கம் குறைந்தாலோ, வரும் வேகம் மாறினாலோ குற்றம் டயரிலும் ரிம்மிலும் இருக்கிறது. பேலன்ஸ் போட்டு, ரிம் வளைந்திருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். மண் ஒட்டிக் காய்ந்த ரிம்முக்கு எந்தக் கடையிலும் சரியான பேலன்ஸ் வராது, கழுவிக்கொண்டு போங்கள்.

டயர் மாற்றியும் அப்படியே இருந்தால் ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். வண்டி தரையிலேயே நிற்கட்டும், இன்ஜின் ஆஃப். உள்ளே உட்கார்ந்தவர் ஸ்டீயரிங்கை உள்ளங்கை அகலத்துக்கு இடமும் வலமும் வேகமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் கீழே ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். டிராக் லிங்க்கின் (ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கமிருந்து வீலை இழுக்கும் தண்டு) இரண்டு முனை, டை ராடின் (இரண்டு முன் வீலையும் இணைக்கும் தண்டு) இரண்டு முனை, ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் கை, பாக்ஸைச் சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். மூட்டின் இரண்டு பாகத்துக்கும் குறுக்கே விரலை வையுங்கள். ஒரு பாகம் அசைந்து மற்றது ஒரு நொடி தாமதித்து அசைந்தால் அந்த முனை போய்விட்டது. பெரிய டயர் போட்ட வண்டியாக இருந்தால் ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேஸிஸை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இனி முன் வீலைத் தூக்குங்கள். டயரின் மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் அது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், கிங்பின் பேரிங்காகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க எளிய வழி உண்டு. உள்ளே இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் காணாமல் போனால் வீல் பேரிங். அப்படியே இருந்தால் கிங்பின். டயரின் இடது, வலது ஓரத்தைப் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிவது டை ராட் முனை.

வீல் பேரிங் என்றால் உடனே புதிது வாங்க வேண்டாம். பெரும்பாலும் நட் தளர்ந்திருக்கும். கழற்றி, பெட்ரோலில் கழுவாமல் மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளிலும் ரேஸிலும் நீலம் பாய்ந்ததோ, செதில் விட்டதோ இல்லை என்றால் புது கிரீஸை உருளைகளுக்கு நடுவே ஏறும்படி அமுக்கி அடைத்து மாட்டுங்கள். நட்டை இறுக்கும்போது வீலைச் சுற்றிக்கொண்டே இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் உருளைகள் சரியாக உட்காராது.

கிங்பின் என்றால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், இந்த வண்டியின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது. நாக்கிளுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கூம்பு உருளை பேரிங். அவற்றை அழுத்திப் பிடிக்கும் கிங்பின்னுக்கு அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். தகடு ஒன்றை எடுத்தால் பிடி கூடும், சேர்த்தால் குறையும். மேலே இருந்தது எது, கீழே இருந்தது எது என்று குறித்து வைத்துக்கொண்டு கழற்றுங்கள்.

பழைய பேரிங்கை எடுத்ததும் அதன் வெளி ரேஸை நன்றாகத் துடைத்து, நகத்தால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நேரான ரோட்டில் வருடக்கணக்கில் ஓடிய வண்டியில் உருளைகள் ஒரே இடத்தில் குத்திக் குத்தி வரிவரியாகக் கோடு போட்டிருக்கும். நகம் ஒவ்வொரு வரியிலும் தட்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது நடுவில் மட்டும் ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டு விடுவதாகத் தோன்றினால் காரணம் இந்த வரிகள்தான். அதில் ஷிம் எடுத்துப் பிடியைக் கூட்டினால் ஆட்டம் போகும், சிக்கல் கூடும். பேரிங்கையும் ரேஸையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மாட்டியபின் பிடி சரியா என்று பார்க்க ஒரு ஸ்பிரிங் தராசு போதும். நாக்கிளின் பெரிய ஆயில் சீலையும் டை ராடையும் கழற்றி வைத்திருக்கும் நிலையில், டை ராட் மாட்டும் ஓட்டையில் தராசுக் கொக்கியைப் போட்டு இழுங்கள். நாக்கிள் நகரத் தொடங்கும்போது முள் 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் ஷிம் எடுங்கள், கூடினால் ஷிம் சேர்த்துவிடுங்கள். இந்த அளவு பார்க்காமல் போல்ட்டை இறுக்கிவிட்டு அனுப்புவதால்தான் பல வண்டிகள் அதே நடுக்கத்தோடு மறுபடி ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நிற்கின்றன.

கடைசியாக டோ, அதாவது முன் டயர்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு. ஒவ்வொரு முன் டயரின் நடுவிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஆக்சில் உயரத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் கோட்டுக்குக் கோடு டேப் வைத்து அளவெடுங்கள். முன்பக்க அளவு 2 முதல் 6 மி.மீ. வரை குறைவாக இருக்க வேண்டும். டை ராடைத் திருகிச் சரிசெய்தபின் லாக் நட்டை மறக்காதீர்கள். ஸ்பிரிங் பட்டைக்கு மேல் பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கியிருந்தால் காஸ்டர் கோணம் (கிங்பின் முன்பின்னாகச் சாயும் கோணம்) மாறியிருக்கும். அதற்குப் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைக்க வேண்டும், அது இல்லாமல் மற்ற எதைச் செய்தாலும் முழுதாக அடங்காது. ஷாக்கிள் புஷ் பிய்ந்திருக்கிறதா என்பதைக் கம்பி விட்டு நெம்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முன் வீலுக்கு உள்பக்கம் கருப்பாக எண்ணெய் வழிகிறது

நாக்கிள் பந்துக்குள்ளே இருக்க வேண்டியது கிரீஸ். கெட்டியாகக் கொஞ்சம் கசிந்தால் வெளி சீல் தேய்ந்திருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். தண்ணீர் பதத்தில் வழிந்து டயரின் உள்பக்கம் வரை தெறித்தால் டிஃபரன்ஷியல் ஆயில் ஆக்சில் குழாய் வழியாக நாக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துக்கொண்டு வெளியேறுகிறது. வெளி சீலை மாற்றினால் சில நாள் நிற்கும், திரும்பவும் வழியும்.

சீலைத் தொடும் முன் ஆக்சில் மேலே இருக்கும் பிரீதரை, அதாவது அந்த மூச்சுக்குழாயைப் பாருங்கள். சின்ன மூடிதான், விரலால் அசைத்தால் அசைய வேண்டும். சேறு காய்ந்து அடைத்திருந்தால் ஆக்சில் சூடாகும்போது உள்ளே காற்று விரிந்து, வேறு வழியில்லாமல் ஆயிலை சீல் வழியே தள்ளும். கழற்றிக் கழுவுங்கள். அடுத்து ஆயில் அளவு. நிரப்பும் ஓட்டையின் கீழ் விளிம்பு வரைதான் இருக்க வேண்டும். முன் டிஃபரன்ஷியலுக்கு 2 லிட்டர், பின்னதற்கு 1.5 லிட்டர், ஜிஎல்-5 80டபிள்யூ-90 ரக கியர் ஆயில். வடிக்கும் பிளக்கைத் திறக்கும் முன் நிரப்பும் பிளக்கைத் திறந்து பாருங்கள். எல்லா ஆயிலையும் வடித்துவிட்டு, நிரப்பும் பிளக் துருப்பிடித்துத் திரும்பவே மாட்டேன் என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

இரண்டும் சரியாக இருந்தால் உள் சீல். காலிப்பர், ஹப், ஸ்பிண்டில் எல்லாம் கழற்றி ஆக்சில் ஷாஃப்டை உருவ வேண்டும். அரைநாள் வேலை, கை நிறைய கிரீஸ். சீல் ஓடும் இடத்தில் ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் வெண்கல புஷ்ஷும் முக்கியம். அது தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும், ஆடும் ஷாஃப்ட் புது சீலையும் தின்றுவிடும். சீல் மாற்றியும் நிற்கவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த புஷ்ஷைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதே சமயத்தில், ஷாஃப்ட் முனையில் இருக்கும் பந்து மூட்டையும் கழுவிப் பார்த்துவிடுங்கள். சேற்றில் 4 வீல் போட்டு முழுதாகத் திருப்பும்போது 'டக் டக்' என்று வந்த சத்தம் அங்கிருந்துதான்.

வடித்த ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சூடான ஆக்சிலோடு ஓடையில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி வெளியே இருக்கும் தண்ணீரை உறிஞ்சும். வழி அதே பிரீதர்தான். அதற்கு ஒரு ரப்பர் டியூப் மாட்டி இன்ஜின் பெட்டி உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை போகும்.

செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

எம்.பி.எஃப்.ஐ வண்டி என்றால் காது கொடுத்துக் கேளுங்கள். சாவியை ஆன் செய்ததும் பின்பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று நொடி முனக வேண்டும். சத்தமே இல்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, டேங்க் பக்கத்துக் கனெக்டர், இந்த வரிசையில் பாருங்கள். ரிலேயை அதே மாதிரி வேறொரு ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், காசு செலவில்லை. பம்ப் வாங்குவது இதற்கெல்லாம் பிறகு.

கார்புரேட்டர் வண்டியில் ஏர் கிளீனரைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துக்கொண்டு கேபிளை ஒருமுறை இழுங்கள். மெல்லிய பெட்ரோல் தாரை பீய்ச்சினால் பெட்ரோல் வந்து சேருகிறது, பிளக்கில் தீப்பொறியைப் பாருங்கள். பீய்ச்சவில்லை என்றால் ஃபில்டர், பம்ப், டேங்க்கிலிருந்து வரும் குழாய் என்று பின்னோக்கிப் போங்கள். தீப்பொறி பார்க்கும்போது கார்புரேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே பிளக்கைப் பிடிக்காதீர்கள்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ஜிப்சியின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. உள்பக்கம் ஊறிப் பிசுபிசுத்து உதிரும், வெளியே வெடிப்பு விடும். டேங்க்கில் பல வருடமாக ஒட்டிக்கிடந்த கசடையும் எத்தனால் இளக்கிவிடுவதால் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். ஆறு மாதம் நின்ற வண்டி என்றால் டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வையுங்கள். கீழே தனி அடுக்காகத் தேங்கினால் அது தண்ணீர் சேர்ந்த பகுதி, முழு டேங்க்கையும் வடித்துவிடுவது நல்லது. குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவதை நான் தள்ளிப்போடவே மாட்டேன். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும் வண்டியில் குடும்பத்தோடு போக முடியாது.

சூடாக இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் ஆகாமல், ஆறியதும் ஆனால் கார்புரேட்டரில் பெட்ரோல் வழிந்திருக்கும். ஆக்சிலரேட்டரைப் பம்ப் செய்யாமல் தரையோடு மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடியுங்கள். தினமும் இப்படியென்றால் ஃப்ளோட் ஊசி வால்வு தேய்ந்திருக்கிறது.

செல்ஃப்பே 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றால் பேட்டரி மேல் பழி போடும் முன் எர்த் பாருங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது. கழற்றிச் சுரண்டி மாட்டினாலே ஹெட்லைட்டும் சேர்ந்து பளிச்சென்று எரியும். நின்ற வண்டியில் 12.6 வோல்ட், ஓடும் இன்ஜினில் 13.8-இலிருந்து 14.5 வரை இருந்தால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் விட்டுவிடலாம்.

ஆக்சிலரேட்டரை விட்டால் ஆஃப் ஆகிறது

கார்புரேட்டர் ஜிப்சியில் இதற்கு முதல் சந்தேகம் கார்புரேட்டரில் ஒற்றை ஒயரோடு நிற்கும் சாலினாய்டு (கரண்டில் திறந்து மூடும் சின்ன வால்வு). இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து அந்த ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் 'கிளிக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். கரண்ட் வந்தும் கிளிக் இல்லை என்றால் சாலினாய்டு போய்விட்டது. கிளிக் நன்றாகக் கேட்டும் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில்) நிற்கவில்லை என்றால் பைலட் ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சின்ன ஓட்டை) அடைத்திருக்கிறது. கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும்.

ஐடில் ஏறி இறங்கி ஊசலாடினால் எங்கேயோ காற்று திருடுகிறது. இன்ஜின் ஓடும்போது கார்புரேட்டர் அடித்தகட்டிலும் இன்டேக் இணைப்பிலும் வேக்குவம் குழாய் முனைகளிலும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடியுங்கள், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் படாமல். எந்த இடத்தில் அடித்ததும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. பெட்ரோலோ கிளீனரோ அடித்துச் சோதிக்கிறவர்கள் உண்டு, சூடான மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் அது வேண்டாத வேலை. இது எதுவும் பார்க்காமல் ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி வைத்துச் சமாளித்த வண்டி இறக்கத்தில் இன்ஜின் பிரேக் பிடிக்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அது என்ன அர்த்தம் என்று புரியும்.

ஹீட் ஆகிறது

எப்போது ஹீட் ஆகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. டிராபிக்கில் நிற்கும்போது ஏறி, ஓடினால் இறங்குகிறதா? ஃபேன் பக்கம் பாருங்கள். பெல்ட் தளர்வு, ஃபேனைச் சுற்றியிருக்கும் உறை உடைந்து காணாமல் போனது, ஃபேன் நடுவில் விஸ்கஸ் கப்ளிங் இருந்தால் அது வேலை செய்யாதது. சூடான இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றுங்கள். கனமாகத் தடுத்து நிற்க வேண்டும். இஷ்டத்துக்குச் சுற்றினால் கப்ளிங் போய்விட்டது.

வால்பாறைக்கு ஏறும்போது மட்டும் ஏறுகிறது, ஊருக்குள் பரவாயில்லை என்றால் ரேடியேட்டர். சேறு காய்ந்து துடுப்புகளுக்கு நடுவே அடைத்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சுங்கள், பிரஷர் வாஷர் வேண்டாம், துடுப்புகள் மடங்கிவிடும். உள்ளே அடைப்பு இருந்தால் கொஞ்சம் சூடான ரேடியேட்டரை உள்ளங்கையால் தடவும்போது சில இடம் சில்லென்று தெரியும். எந்த வீலாவது பிரேக் பிடித்தபடியே ஓடுகிறதா என்றும் பாருங்கள். இழுக்க முடியாமல் இழுக்கும் இன்ஜினும் ஹீட் ஆகும்.

'தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிஞ்சிடுங்க' என்ற யோசனையைக் கேட்காதீர்கள். அதை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்து, மேலே பொறித்திருக்கும் வெப்பநிலைக்குப் பக்கத்தில் திறக்கிறதா என்று பார்த்து, திறக்காவிட்டால் புதிது போடுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்ததும் குமிழி தொடர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கெட். ஹெட் அலுமினியம். முள் சிவப்பில் நிற்கும்போது 'வீட்டுக்குத்தானே, போய்ச் சேர்ந்துடலாம்' என்று ஓட்டினால் வளைந்துவிடும், அப்புறம் லேத்தில்தான்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டி என்றால் இந்த வேலையோடு அதையும் மாற்றிவிடுங்கள். 1 லட்சம் கி.மீ. கணக்கெல்லாம் வரலாறு தெரிந்த வண்டிக்கு.

அடியில் 'டங்' என்று சத்தம், வேகத்தில் அதிர்வு

நகரத் தொடங்கும்போதும் கியர் மாற்றும்போதும் 'டங்' என்றால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டான கிராஸ். ஷாஃப்டைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். கிராஸ் கப் ஓரத்தில் சிவப்பாகத் துருப்பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் இல்லாமல் காய்ந்துவிட்டது. ஜிப்சியில் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தனித்தனி, நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட் இருக்கிறது. முன்னும் பின்னும் பார்த்துவிட்டு அதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகள் மூன்றும் அங்கேயேதான். எண்ணெய் ஊறிய ரப்பர் பிளந்திருக்கும், நெம்புகம்பி கொடுத்தால் வாய் திறக்கும்.

ஷாஃப்டைக் கழற்றி மாட்டிய பிறகு அதிர்வு புதிதாக வந்திருந்தால் நழுவும் முனையைத் தப்பாகக் கோத்திருக்கிறீர்கள். இரண்டு பக்க நுகமும் (கிராஸ் மாட்டும் கவை) ஒரே தளத்தில் நிற்க வேண்டும். கழற்றும் முன் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது. முன் ஷாஃப்ட் மேல் சந்தேகம் என்றால் ஃப்ரீவீல் ஹப்பை (முன் வீலை ஆக்சில் ஷாஃப்டோடு பூட்டும் அமைப்பு) திறந்துவிட்டு 2எச்-இல் (பின் வீல்கள் மட்டும் இழுக்கும் நிலையில்) ஓட்டுங்கள், அது சுற்றாது. ஹப் இல்லாத வண்டியில் முன் ஷாஃப்டையே கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம்.

பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது

கிங்கில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காலிப்பரைக் கழற்றி, நழுவும் பின்கள் கையால் தள்ளினால் ஓடுகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு பின் துருவில் பூட்டிக்கொண்டிருக்கும். பின் டிரம்மைத் திறந்ததும் லைனிங் எண்ணெயில் நனைந்திருந்தால் ஆக்சில் சீல் மற்றும் மறுபடியும் பிரீதர். எண்ணெய் குடித்த லைனிங்கைத் தீயில் வாட்டிப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக்குங்கள், ஓடையில் இறங்கும் வண்டி என்றால் வருடத்துக்கே.

4 வீல் லீவர் வெளியே வரவில்லை, அல்லது தானாக வெளியே வருகிறது

இரண்டும் நேர் எதிர். வெளியே வராதது பெரும்பாலும் கோளாறே இல்லை. ஜிப்சியில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. தார் ரோட்டில் 4எச் (நான்கு வீலும் இழுக்கும் நிலை) போட்டு வளைவுகளில் ஓட்டினால் முன் வீலும் பின் வீலும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்கும், ஷாஃப்டுகள் முறுக்கிக்கொண்டு கியரைப் பிடித்துக்கொள்ளும். லீவரை உதைக்காதீர்கள். நேராக நிறுத்தி, சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு அவிழ்ந்து லீவர் தானாக வரும். காய்ந்த தார் ரோட்டில் 4 வீல் போடும் வழக்கத்தை விட்டுவிட்டால் இது வரவே வராது.

4எல்-இல் (நான்கு வீலும் குறைந்த கியர் விகிதத்தில் இழுக்கும் நிலையில்) ஏற்றத்தில் ஏறும்போது லீவர் 'படக்' என்று நியூட்ரலுக்குக் குதித்தால் அது நிஜமான கோளாறு. வண்டி பின்னால் உருளும், ஹேண்ட்பிரேக்கில் கையை வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். முதலில் மேலே சொன்ன மூன்று மவுண்டுகள். அவை தளர்ந்து டிரான்ஸ்ஃபர் கேஸ் சாயும்போது லீவரைத் தள்ளிவிடும், கேஸுக்குள் எதுவும் கெட்டிருக்காது. லீவர் அடியில் இருக்கும் ரப்பர் உறை புதிதாகவும் விறைப்பாகவும் இருந்தால் அதுவும் லீவரை முழுதாகப் போக விடாமல் தடுக்கும், கழற்றிவிட்டு ஒரு ஏற்றம் ஏறிப் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் லீவரின் தண்டைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும். அதுவும் சரியாக இருந்தால் ஃபோர்க்கோ கியர் பற்களோ தேய்ந்திருக்கின்றன. அதற்குக் கேஸைப் பிரிக்க வேண்டும், பிரஸ்ஸும் புல்லரும் வேண்டும். நான் வீட்டில் நிறுத்திக்கொள்வது இங்கேதான். கேஸை இறக்கி, வெளியே கழுவி, நல்ல மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திரும்பி வரும்போது மூன்று புது மவுண்டுகளையும் வாங்கிக்கொண்டு வருவேன்.